சந்தா சாஹிபும் சத்தியமும்

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் பேருந்தில் ஏறி உட்கார்ந்தால் முதலில் வில்லியனூர் வரும். அதையடுத்து அரியூர். இவ்விரண்டும் புதுச்சேரிப் பகுதியைச் சேர்ந்தவை. அரியூரைத் தாண்டியதும் கண்டமங்கலம், அது தமிழ்நாடு. இன்னும் சற்றுத் தூரம் சென்றால் திருபுவனை, மீண்டும் புதுச்சேரி! ஒரே சாலை, ஒரே வயல்வெளி, ஒரே பேச்சு. ஆனால் எல்லைக் கல் மட்டும் இப்படி மாறி மாறி வருகிறது. முதன்முறை இவ்வழியே செல்லும் பிள்ளைகள் இது ஏன் என்று கேட்காமல் இருப்பதில்லை. பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர், ஆங்கிலேயன் ஆண்ட ஊர் என்று பெரியவர்கள் பதில் சொல்லி முடித்துவிடுவார்கள். பிரெஞ்சுக்காரன் கைக்கு இந்த வயல்வெளி எப்படிப் போயிற்று? அவன் வாளெடுத்து வென்றானா? இல்லை. காசு கொடுத்து வாங்கினானா? அதுவும் இல்லை. ஹிஜ்ரி 1162ல், அதாவது 1749ஆம் ஆண்டில், ஒரு முஸ்லிம் நவாப் தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார். வில்லியனூர், பாகூர் வட்டாரங்களைச் சேர்ந்த சுமார் 80 கிராமங்கள் அந்தக் கொடையில் அடங்கும். அந்த நவாப்தான் சந்தா சாஹிப்.

சந்தா சாஹிபின் இயற்பெயர் ஹுஸைன் தோஸ்த் கான். ஆர்க்காட்டை அப்போது ஆண்டவர்கள் நவாயத் குலத்தார். அக்குலத்து முதல் நவாபான ஸஆதத்துல்லாஹ் கான் 1732ல் பிள்ளைப்பேறின்றி மறைந்தார். அவருடைய சகோதரர் மகனும் வளர்ப்பு மகனுமான தோஸ்த் அலீ கான் பட்டத்துக்கு வந்தார். தோஸ்த் அலீயின் மகளை மணந்தவர் சந்தா சாஹிப். மாமனாருக்குத் திவானாகவும் ஆனார். வரவு செலவில் கெட்டி, படை நடத்துவதில் துணிச்சல், பேச்சிலோ தேன். மாமனாரின் மகனான ஸஃப்தர் அலீயைவிட மருமகனே எல்லாக் காரியத்திலும் முன்னின்றார். வீட்டுக்குள் பொறாமை புகுவதற்கு இது போதாதா?

அந்தக் காலத்தில் திருச்சிராப்பள்ளியில் நாயக்கர் ஆட்சி தள்ளாடிக் கொண்டிருந்தது. 1732ல் விஜயரங்க சொக்கநாத நாயக்கர் ஆண் வாரிசில்லாமல் இறந்துபோக, அவருடைய ராணி மீனாட்சி ஆட்சியை ஏற்றார். பங்காரு திருமலை நாயக்கரின் மகனை அவர் தத்தெடுத்திருந்தார். ஆனால் பங்காருவோ தமக்கே அரசுரிமை என்றார். பங்காளிச் சண்டை வெளியாரை உள்ளே அழைத்தது. 1734ல் ஸஃப்தர் அலீயும் சந்தா சாஹிபும் படையோடு தெற்கே வந்தார்கள். ஸஃப்தர் அலீ திரும்பிவிட, சந்தா சாஹிப் ராணியோடு பேச்சு நடத்தினார். ராணியின் அரசுக்குத் தாம் துணை நிற்பதாகவும், அவருக்குத் தீங்கு எதுவும் செய்வதில்லை என்றும் வாக்களித்தார். ராணி பெருந்தொகை கொடுக்கவும் இசைந்தார். ஆனால் வெறும் வாய் வார்த்தையை ராணி நம்பவில்லை. ஒரு முஸ்லிம் தன் வேதத்தின் மீது சத்தியம் செய்தால் அதை மீறமாட்டான் என்று அந்த அம்மையார் கேள்விப்பட்டிருந்தார் போலும். குர்ஆன் மீது சத்தியம் கேட்டார். சந்தா சாஹிப் செய்து கொடுத்தார்.

1736ல் மறுபடி வந்த சந்தா சாஹிப் கோட்டையைத் தம் வசமாக்கினார். ராணி காவலில் வைக்கப்பட்டு, மனமுடைந்து நஞ்சருந்தி உயிர் நீத்தார் என்று சரித்திர நூல்கள் கூறுகின்றன. நாயக்கர் வரலாற்றைச் சொல்லும் பழைய தமிழ்ச் சுவடியில் இன்னொரு விவரமும் இருக்கிறது. சந்தா சாஹிப் சத்தியம் செய்தது குர்ஆன் மீதல்ல, சரிகைத் துணியில் குர்ஆனைப் போலச் சுற்றி வைத்த ஒரு செங்கல்லின் மீதே என்று அது கூறுகிறது. ஆங்கிலேய வரலாற்றாசிரியர் குர்ஆன் என்றே எழுதுகிறார். எது நடந்திருந்தாலும், ஒரு விதவைப் பெண் நம்பி ஏமாந்தாள் என்பதில் இரு தரப்புக்கும் வேற்றுமை இல்லை.

இந்த இடத்தில் சற்று நின்று செல்ல வேண்டியிருக்கிறது. நம்மில் சிலர் முஸ்லிம் அரசர் ஒருவரின் குறையைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். நம்மவர் என்பதற்காக மூடி மறைக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். இன்னும் சிலர் செங்கல் கதையைக் கேட்டதும், அப்படியானால் குர்ஆன் மீது சத்தியம் செய்யவில்லை, தப்பித்தார் என்று சிரிக்கிறார்கள். இவ்விரண்டும் மார்க்கம் அறியாத பேச்சு. சத்தியம் கேட்பவருக்கு அதைக் கேட்கும் உரிமை இருக்கும்போது, அவர் எந்தப் பொருளில் கேட்டாரோ அந்தப் பொருளிலேயே சத்தியம் அமையும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்துத் தந்த நெறி. மனத்துக்குள் வேறொன்றை நினைத்துக் கொண்டாலும், நாவுக்கடியில் ஒரு சொல்லை விழுங்கினாலும், துணிக்குள் செங்கல்லை வைத்தாலும் அது சத்தியமே. கேட்டவர் முஸ்லிமா இல்லையா என்பதும் கணக்கல்ல. ஹுதைபிய்யா உடன்படிக்கை மக்கத்துக் குறைஷியரோடு செய்துகொண்டதுதானே! அந்த உடன்படிக்கையின் மை உலருமுன்பே, சங்கிலியோடு ஓடிவந்து நின்ற அபூஜந்தல் (ரலி) அவர்களைக் கண்ணீரோடு திருப்பி அனுப்பிய சம்பவத்தை நாம் மறந்துவிடலாகாது.

நம் இல்லங்களிலும் சத்தியம் மலிந்துவிட்டது. பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம், சோற்றின் மேல் சத்தியம், அவுலியாக்களின் பெயரால் சத்தியம்! அல்லாஹ்வின் பெயரைக் கொண்டன்றி வேறெதைக் கொண்டும் சத்தியம் செய்யக் கூடாது. அவனுடைய வேதத்தைக் கொண்டு செய்வது அவனுடைய சொல்லைக் கொண்டு செய்வதாகும் என்று இமாம்கள் கொள்கிறார்கள். வருங்காலத்தில் இதைச் செய்வேன், செய்யமாட்டேன் என்று சத்தியம் செய்து முறித்தவர் 10 ஏழைகளுக்கு உணவளிக்க வேண்டும், அல்லது உடை கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் வசதியில்லாதவர் 3 நாள் நோன்பு நோற்க வேண்டும். இது கஃப்பாரா. நடந்துபோன ஒன்றைப் பற்றிப் பொய்யென்று தெரிந்தே சத்தியம் செய்வது இதைவிடக் கொடியது. அது மனிதனைப் பாவத்தில் மூழ்கடிக்கும் சத்தியம். அதற்குக் கஃப்பாரா போதாது, தௌபா ஒன்றே வழி என்பது ஹனஃபி மத்ஹபு. தௌபாவோடு கஃப்பாராவும் வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. பிறருடைய உரிமை அதனால் பறிபோயிருந்தால் அதைத் திருப்பிக் கொடுக்காமல் தௌபா நிறைவேறாது என்பதில் இரு மத்ஹபுக்கும் கருத்து வேற்றுமை இல்லை. திருச்சிராப்பள்ளியை யாரிடம் திருப்பிக் கொடுப்பது? அந்த அம்மையார்தான் போய்விட்டாரே!

கோட்டையைப் பிடித்த சந்தா சாஹிப் அதை மாமனாரிடம் ஒப்படைக்கவும் இல்லை. தாமே வைத்துக் கொண்டார். தம்முடைய சகோதரர்களை மதுரையிலும் திண்டுக்கல்லிலும் அமர்த்தினார். வடக்கே ஆர்க்காட்டில் மைத்துனர் ஸஃப்தர் அலீக்குத் தூக்கம் போயிற்று.

பிரெஞ்சுக்காரரோடு சந்தா சாஹிபுக்கு உறவு ஏற்பட்டதும் இந்தக் காலத்தில்தான். அன்று அவர்கள் புதுச்சேரியில் துணி வாங்கிக் கப்பலேற்றும் கும்பினியாராகவே இருந்தார்கள். தோஸ்த் அலீயின் காலத்தில் 1736ல் ரூபாய் நாணயம் அடித்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. தஞ்சை மன்னர் காரைக்காலைத் தருவதாகச் சொல்லிப் பிறகு பின்வாங்கியபோது, சந்தா சாஹிப் படையனுப்பிக் காரைக்காலைப் பிடித்து 1739 பிப்ரவரியில் பிரெஞ்சுக்காரர் கையில் கொடுத்தார். பிறர் சொத்தை எடுத்துப் பிறருக்குக் கொடுத்துப் பெற்ற நட்பு அது.

1740ல் மராட்டியர் ரகுஜி போன்ஸ்லேயின் தலைமையில் கர்நாடகத்தின் மீது பாய்ந்தனர். ஸஃப்தர் அலீயின் பக்கத்தாரே அவர்களுக்கு அழைப்பனுப்பினார்கள் என்ற பேச்சும் உண்டு. மே மாதம் 20ஆம் நாள் தாமல்செருவுக் கணவாயில் நடந்த போரில் தோஸ்த் அலீ கான் கொல்லப்பட்டார். நவாபின் விதவையும் குடும்பத்துப் பெண்களும் யானை, ஒட்டகம், பல்லக்குகளோடு புதுச்சேரிக் கோட்டை வாசலில் வந்து நின்றார்கள். சந்தா சாஹிபின் மனைவியும் மகனும் அங்கே அடைக்கலம் புகுந்தார்கள். அப்போது கவர்னராக இருந்தவர் துமா. கதவைத் திறப்பதா, மராட்டியர் கோபத்துக்கு ஆளாவதா என்று கும்பினிக் கவுன்சில் கூடி ஆலோசித்தது. கதவு திறந்தது. பின்னர் ரகுஜி, அந்தப் பெண்களையும் பொருளையும் ஒப்படைக்க வேண்டும், இல்லையேல் ஊரை அழிப்பேன் என்று ஆளனுப்பியபோது துமா மறுத்துவிட்டார். அபயம் தேடி வந்தவரைக் கைவிடலாகாது என்பது நம் மார்க்கத்தின் பாடம். அதை அன்று ஒரு பரங்கி செய்து காட்டினார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தில்லிப் பாதுஷா முஹம்மது ஷாவிடமிருந்து துமாவுக்கு நவாப் பட்டமும் மன்ஸபும் வந்தன. அவருக்குப் பின் வரும் கவர்னருக்கும் அது செல்லும் என்றாயிற்று. துணி வியாபாரி தலையில் நவாப் தலைப்பாகை ஏறியது இப்படித்தான். செய்த உபகாரத்துக்கு விலை பின்னால் வந்தது.

அந்த வருடக் கடைசியில் மராட்டியர் திரும்பி வந்து திருச்சிராப்பள்ளியைச் சூழ்ந்தார்கள். சந்தா சாஹிப் மூன்று மாதம் போல் தாக்குப் பிடித்தார். உதவிக்கு வந்த சகோதரர் படா சாஹிப் வழியிலேயே கொல்லப்பட்டார். 1741 மார்ச்சில் கோட்டை விழுந்தது. எந்த ஊரைச் சத்தியம் கொடுத்துப் பிடித்தாரோ அதே ஊரிலிருந்து கைதியாக வெளியேறினார் சந்தா சாஹிப். மராட்டிய நாட்டில் சுமார் ஏழாண்டுச் சிறை.

அவர் சிறையிலிருந்த காலத்தில் ஆர்க்காட்டு அரண்மனை கசாப்புக் கூடமாயிற்று. 1742ல் ஸஃப்தர் அலீயை அவருடைய உறவினரான வேலூர் முர்தஸா அலீ கொலை செய்வித்தார். ஸஃப்தர் அலீயின் சிறு மகனும் 1744ல் கத்திக்கு இரையானான். ஹைதராபாத் நிஜாம், வடநாட்டுக் கோபாமௌ ஊரைச் சேர்ந்த முதியவர் அன்வருத்தீன் கானை ஆர்க்காட்டுக்கு நவாபாக்கினார். இதற்கிடையில் ஐரோப்பாவில் பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் போர் மூண்டு, அந்தத் தீ இங்கும் பரவிற்று. 1742 முதல் புதுச்சேரியில் கவர்னராக இருந்தவர் துய்ப்ளே. 1746ல் பிரெஞ்சுக்காரர் சென்னப்பட்டணத்தைப் பிடித்தனர். அதைக் கேட்டு வந்த நவாபின் மகன் மஹ்ஃபூஸ் கானின் பத்தாயிரம் பேர் கொண்ட படையை அடையாற்றுக் கரையில் சில நூறு பிரெஞ்சு வீரரும் அவர்கள் பழக்கிய சிப்பாய்களும் சிதறடித்தார்கள். வரிசையாக நின்று இடைவிடாமல் சுடும் பயிற்சிக்கு முன், கூட்டமாகப் பாயும் குதிரைப்படை நிற்காது என்று அன்று தெரிந்து போயிற்று. அதுவரை நவாபுக்கு நஜர் வைத்துக் கைகட்டி நின்றவர்களுக்கு, இனி நவாபுகளையே ஆக்கலாம், அழிக்கலாம் என்ற எண்ணம் அன்றுதான் பிறந்தது.

ஆக்குவதற்கு ஒரு நவாப் வேண்டுமே! சந்தா சாஹிபின் மனைவியும் மகன் ரஸா சாஹிபும் புதுச்சேரியிலேயே இருந்தார்கள். துய்ப்ளேயின் மனைவி ழான் அம்மையார் இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்து தமிழ் பேசத் தெரிந்தவர். அந்தப்புரத்தோடு உறவு வைத்திருந்தார். துய்ப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு அந்நாளைய போக்குவரத்துகளையெல்லாம் தேதி வாரியாகச் சொல்கிறது. மீட்புத் தொகையாக ஏழு இலட்சம் ரூபாய் பேசப்பட்டு, துய்ப்ளேயின் பிணையின் பேரில் 1748ல் சந்தா சாஹிப் விடுதலையானார். வரும் வழியில் மாயகொண்டா என்ற இடத்துச் சண்டையில் ஒரு மகனைப் பறிகொடுத்தார். அந்தத் துக்கத்தோடு அவர் தம் வாழ்வைத் திருத்திக்கொண்டு ஓய்ந்திருந்தால் சரித்திரம் வேறாக இருந்திருக்கும். ஆனால் அரச ஆசை என்பது உப்புத் தண்ணீர். குடிக்கக் குடிக்கத் தாகம்.

அதே 1748ல் நிஜாம் காலமானார். அவருடைய மகன் நாஸிர் ஜங்குக்கும் மகள் வயிற்றுப் பேரன் முஸஃப்பர் ஜங்குக்கும் பட்டப் போட்டி. ஆர்க்காட்டு ஆசை கொண்ட சந்தா சாஹிபும் ஹைதராபாத் ஆசை கொண்ட முஸஃப்பர் ஜங்கும் கைகோத்தார்கள். துய்ப்ளே சுமார் 400 பிரெஞ்சுக்காரரையும் 2000 சிப்பாய்களையும் கொடுத்தார். 1749 ஆகஸ்ட் 3ஆம் நாள் ஆம்பூரில் போர். யானை மீதிருந்த முதியவர் அன்வருத்தீன் குண்டடிபட்டு மாண்டார். மஹ்ஃபூஸ் கான் பிடிபட்டார். இளைய மகன் முஹம்மது அலீ திருச்சிராப்பள்ளிக்கு ஓடி ஒளிந்தார்.

சந்தா சாஹிப் ஆர்க்காட்டு நவாப் ஆகிவிட்டார். இரு தலைவர்களும் புதுச்சேரிக்கு வந்தார்கள். பீரங்கி மரியாதை, விருந்து, ஊர்வலம் என்று ஊர் அமளிப்பட்டது. அந்தச் சந்தோஷத்தில்தான் வில்லியனூர், பாகூர் கிராமங்கள் கைமாறின. வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவருக்கு இது தெரிந்திருக்குமா? நேற்றுவரை ஆர்க்காட்டுக்குக் கிஸ்தி கட்டியவர் இன்று முதல் பரங்கிக் கும்பினிக்குக் கட்ட வேண்டும். ஒரு நவாப் தம் நன்றிக் கடனைத் தம் பொக்கிஷத்திலிருந்து செலுத்தவில்லை. குடியானவனின் மண்ணிலிருந்து செலுத்தினார். ஆட்சி என்பது அமானிதம் என்று நாம் மேடையில் பேசுகிறோம். அமானிதமாக வைத்த பொருளை எடுத்துப் பரிசு கொடுக்க அமானிதக்காரருக்கு உரிமையுண்டா என்று எந்த மத்ரஸா மாணவரைக் கேட்டாலும் பதில் சொல்லிவிடுவார்.

உடனே திருச்சிராப்பள்ளி மீது சென்றிருந்தால் முஹம்மது அலீயின் கதை அன்றே முடிந்திருக்கும். ஆனால் பணம் போதவில்லை. படைக்குச் சம்பளம் கொடுப்பதற்காகச் சந்தா சாஹிப் தஞ்சாவூரை முற்றுகையிட்டார். மன்னர் பிரதாப சிங் கெட்டிக்காரர். 70 இலட்சம் தருவதாக ஒப்புக்கொண்டு, நகையாகக் கொஞ்சம், தட்டுமுட்டுச் சாமானாகக் கொஞ்சம் என்று கொடுத்துக் கொண்டே நாளைக் கடத்தினார். அதற்குள் நாஸிர் ஜங் பெரும்படையோடு வந்துவிட்டார்.

1750 மார்ச்சில் இரு படைகளும் செஞ்சிச் சீமையில் எதிரெதிரே நின்றன. பிரெஞ்சுப் படை அதிகாரிகளில் பலர், தங்களுக்குப் பங்கு போதவில்லை என்று போருக்கு முந்தின நாள் வேலையை விட்டு விலகிவிட்டார்கள்! படை புதுச்சேரிக்குப் பின்வாங்கிற்று. சந்தா சாஹிப் அவர்களோடு வந்துவிட்டார். முஸஃப்பர் ஜங்கோ தம் மாமனிடம் சரணடைந்தார். சிறை வைப்பதில்லை என்று நாஸிர் ஜங் குர்ஆன் மீது சத்தியம் செய்து அழைத்ததாகவும், வந்ததும் விலங்கு மாட்டியதாகவும் எழுதியிருக்கிறார்கள். மீண்டும் ஒரு சத்தியம்! மாமனுக்கும் மருமகனுக்கும் நடுவே கூட இறைவேதம் ஒரு கண்ணியாகத்தான் பயன்பட்டது.

அந்த வருடம் நடந்தவற்றை விரிவாகச் சொல்ல இங்கே இடமில்லை. நாஸிர் ஜங் பாளயம் இறங்கியிருந்த வழுதாவூர், அரியூருக்கு வடக்கே கூப்பிடு தூரத்தை விடச் சற்று அதிகம். செப்டம்பரில் புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதி செஞ்சிக் கோட்டையை ஒரே இரவில் பிடித்தார். டிசம்பர் 16ஆம் நாள் நாஸிர் ஜங் தம் பக்கத்துப் பட்டாணி நவாபின் துப்பாக்கிக்கே இரையானார். முஸஃப்பர் ஜங் விலங்கு கழன்று சிம்மாசனம் ஏறினார். கிருஷ்ணா நதிக்குத் தெற்கேயுள்ள நாட்டுக்கெல்லாம் துய்ப்ளேயே தலைவர் என்றும், அவருக்குக் கீழே ஆர்க்காட்டு நவாபாகச் சந்தா சாஹிப் என்றும் ஏற்பாடு. கவனிக்கவும்: கும்பினி கவர்னருக்குக் கீழே நவாப்! பத்தாண்டுக்கு முன்பு நவாபின் வாசலில் காத்து நின்றவர்களின் கீழே அதே நவாப் குலத்து மருமகன். முஸஃப்பர் ஜங் ஹைதராபாத் போகும் வழியில் 1751 பிப்ரவரியில் கொல்லப்பட்டார். இரண்டு மாதம்கூட அவர் ஆளவில்லை.

திருச்சிராப்பள்ளியில் முஹம்மது அலீ ஆங்கிலேயரைக் கட்டிக் கொண்டார். சந்தா சாஹிப் பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்து 1751ல் அவரை முற்றுகையிட்டார். அப்போது சென்னையிலிருந்து கிளைவ் என்ற இளைஞர், 200 வெள்ளையரும் 300 சிப்பாய்களும் கொண்ட சிறு படையோடு புறப்பட்டு, காவலின்றிக் கிடந்த ஆர்க்காட்டுக் கோட்டையில் புகுந்துவிட்டார். வயது இருபத்தாறு கூட ஆகவில்லை. சந்தா சாஹிப் திருச்சியிலிருந்து ஒரு பகுதிப் படையைப் பிரித்து மகன் ரஸா சாஹிபோடு அனுப்பினார். 50 நாள் முற்றுகை. முஹர்ரம் மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில் கடைசித் தாக்குதல் நடந்தது. கர்பலா ஷுஹதாக்களின் நினைவு உள்ளத்தில் கொதிக்க, வெறியோடு வீரர்கள் மதில் மேல் ஏறினார்கள். ஏறியவர்கள் குண்டுக்கு இரையாகி விழுந்தார்கள். இமாம் ஹுஸைன் (ரலி) அவர்கள் அநீதியான ஆட்சிக்குக் கைகொடுக்க மறுத்து உயிர் கொடுத்தார்கள். இவர்களோ இரண்டு கும்பினிகளின் வியாபாரப் போட்டியில், ஒன்றுக்காக உயிர் கொடுத்தார்கள். எதிரே கோட்டைக்குள் நின்று சுட்ட சிப்பாய்களும் இந்நாட்டுப் பிள்ளைகள்தாம்.

ஆர்க்காடு கைவிட்டுப் போன பின் காற்று மாறிற்று. மைசூர்ப் படை, முராரி ராவின் மராட்டியர், தஞ்சாவூர்த் தளபதி மானோஜி ஆகிய எல்லோரும் முஹம்மது அலீயின் பக்கம் சாய்ந்தார்கள். 1752 கோடையில் பிரெஞ்சுத் தளபதி லா, முற்றுகையைக் கைவிட்டுச் ஸ்ரீரங்கம் தீவுக்குள் ஒதுங்கினார். சந்தா சாஹிபும் உடன் சென்றார். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அடைபட்ட நிலை. கிளைவ் சமயபுரத்தில் நின்று வடக்கு வழியை மறித்தார். புதுச்சேரியிலிருந்து உதவிக்கு வந்த படை வாலிகண்டபுரத்தில் சரணடைந்தது. உணவு தீர்ந்தது. சம்பளம் இல்லாத வீரர்கள் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து போனார்கள். ஏராளமான படையோடு வந்த நவாபிடம் கடைசியில் எஞ்சியவர் சிலரே.

லா தாமும் சரணடைவதென்று முடிவு செய்துவிட்டார். நவாபை என்ன செய்வது? ஆங்கிலேயர் கையில் கொடுத்தால் முஹம்மது அலீ விடமாட்டார். தஞ்சாவூர் மானோஜியிடம் இரகசியமாகப் பேசினார்கள். பெருந்தொகை தருவதாக ஏற்பாடு. சந்தா சாஹிபைப் பத்திரமாகக் காரைக்காலுக்கு அனுப்பி வைப்பதாக மானோஜி சத்தியம் செய்து கொடுத்தார். எந்தக் காரைக்கால்? 1739ல் தஞ்சை மன்னரிடமிருந்து பறித்துச் சந்தா சாஹிப் பிரெஞ்சுக்காரருக்குக் கொடுத்தாரே, அதே காரைக்கால். சத்தியத்தின் விலை என்ன என்பதைத் தமிழ்நாட்டில் வேறெவரையும்விட நன்றாக அறிந்திருக்க வேண்டியவர் சந்தா சாஹிப். ஆனாலும் நம்பினார். வேறு வழியும் இல்லை. இரவில் ஆற்றைக் கடந்து மானோஜியின் பாளயத்துக்குச் சென்றார். பல்லக்கும் காவலும் காத்திருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். விலங்குதான் காத்திருந்தது.

மறுநாள் கைதி யாருக்கு என்று கூட்டாளிகளுக்குள் வழக்கு. முஹம்மது அலீ கேட்டார், மைசூரார் கேட்டார்கள், முராரி ராவ் கேட்டார், ஆங்கிலேயத் தளபதி லாரன்ஸும் பேசிப் பார்த்தார். ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்குக் கோபம் வரும் என்று கண்ட மானோஜி, வழக்கை வாளால் தீர்த்தார். ஹிஜ்ரி 1165, 1752 ஜூன் மாதத்தில், நோயுற்றுப் படுத்திருந்த சந்தா சாஹிபின் தலை வெட்டப்பட்டது. அந்தத் தலை முதலில் முஹம்மது அலீக்குக் காட்டப்பட்டு, பிறகு மைசூரார் வழியே ஸ்ரீரங்கப்பட்டணம் வரை சென்றது. அங்கே நின்ற ஆங்கிலேயர் இதைத் தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை என்று அவர்கள் நாட்டு எழுத்தாளர்களே பின்னர் குறை கூறியிருக்கிறார்கள். அடுத்து லாவும் அவருடைய பிரெஞ்சுக்காரரும் சரணடைந்தார்கள். அவர்களுக்குத் தலை போகவில்லை.

இதை அல்லாஹ்வின் தண்டனை என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு அதிகாரமில்லை. அவர் தௌபாச் செய்தாரா இல்லையா என்பது அவருக்கும் அவரைப் படைத்தவனுக்கும் இடையிலுள்ளது. மானோஜி செய்ததும் துரோகமே. ஒருவன் வாக்கை முறித்தான் என்பதால் அவனுக்குக் கொடுத்த வாக்கை முறிப்பது ஆகுமானதல்ல.

துய்ப்ளே அதன் பின்னும் ரஸா சாஹிபை நவாப் என்று பிரகடனம் செய்து பார்த்தார், பலிக்கவில்லை. 1754ல் பிரெஞ்சு அரசு அவரைத் திருப்பி அழைத்துக் கொண்டது. 1763ல் பாரிஸில் கடனாளியாக மாண்டார். வென்ற முஹம்மது அலீயின் கதையும் இனிப்பானதல்ல. வாலாஜா என்ற பட்டத்தோடு நெடுங்காலம் ஆண்டார் என்பது பெயருக்குத்தான். ஆங்கிலேயர் செய்த போருக்கெல்லாம் செலவு அவர் கணக்கில் ஏறி, கடனுக்கு ஈடாகச் சீமை சீமையாக வருவாய் போயிற்று. 1795ல் அவர் வஃபாத்தானார். 1801ல் ஆங்கிலக் கும்பினி கர்நாடகம் முழுவதையும் எடுத்துக் கொண்டு அவர் சந்ததிக்கு உபகாரச் சம்பளம் கொடுத்தது.

வில்லியனூரும் பாகூரும் என்ன ஆயின? 1761ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துக் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பிறகு சமாதானம், திருப்பிக் கொடுத்தல், மறுபடி போர், மறுபடி சமாதானம். 1783ல் வெர்சாய் உடன்படிக்கையில் இந்த இரண்டு வட்டாரங்களையும் புதுச்சேரியோடு சேர்த்துக் கொடுப்பதென்று பெயர் குறிப்பிட்டே எழுதினார்கள். இங்கிலாந்து அரசரும் பிரான்சு அரசரும் ஐரோப்பாவில் அமர்ந்து வில்லியனூரைப் பங்கு பேசினார்கள்! கண்டமங்கலம் அந்தப் பக்கம், அரியூர் இந்தப் பக்கம் என்ற நிலை இப்படிப் பலமுறை கோடு கிழித்து வந்தது. வண்டியில் நெல் ஏற்றிப் போகிறவர் சுங்கச் சாவடியில் நிற்க வேண்டியிருந்தது. அண்ணன் வீடு பிரெஞ்சுச் சட்டத்திலும் தம்பி வீடு ஆங்கிலச் சட்டத்திலும் இருந்தன.

1954 அக்டோபர் 18ஆம் நாள், இதே வில்லியனூர் வட்டாரத்துக் கீழூரில் ஒரு கொட்டகை போட்டு வாக்கெடுப்பு நடத்தினார்கள். மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைவதென்று வாக்களித்தார்கள். எட்டுப் பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறிற்று. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16ல் நிறைவேறியது. 1749ல் அரியூர் மக்களைக் கேட்காமல் கொடுத்த மண், இருநூற்றைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களுடைய பிரதிநிதிகளைக் கேட்டுத் திரும்பியது.

திருச்சிராப்பள்ளிக்குச் செல்வோர் நத்ஹர் வலிய்யுல்லாஹ் தர்காவுக்குப் போவதுண்டு. அந்த வளாகத்துக்குள் சந்தா சாஹிபின் கப்ரு இருக்கிறது. அவருடைய தலையைக் கேட்ட முஹம்மது அலீ வாலாஜாவின் கப்ரும் அங்கேயே இருக்கிறது. போகிறவர்கள் இருவருக்கும் ஃபாத்திஹா ஓதுகிறார்கள்.